கோலம் போடும் இயந்திரம்

சமயபுரத்தில் சித்திரைத் தேர் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களின் கையில் அம்மன் குங்குமம் இருக்கும். கூட வந்த குழந்தையின் கையில் பாட்டரிக் கார் இருக்கும். குங்குமம் வருஷம் முழுவதும் வரும். கார்? மூன்றாம் நாள் சக்கரம் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம்!

சமயபுரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டில் அப்படி உயிரை விட்ட ஒரு கார் குப்பைக் கூடைக்குப் போக இருந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் அக்காவின் பெண் அதைப் பிடுங்கிக்கொண்டு, "சித்தி, உள்ளே மோட்டார் நன்றாகத்தான் சுற்றுகிறது. ரோபோ செய்யலாமா?" என்றாள்.

"பெண் குழந்தைக்கு ஸ்க்ரூ டிரைவர் எதற்கடி? தம்பியிடம் கொடு!" என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. இருவரும் கூடத்தில் உட்கார்ந்துவிட்டோம்.

வேண்டியவை அதிகமில்லை. ஒரு காகிதக் கோப்பை, மூன்று ஸ்கெட்ச் பேனா, செல்லோ டேப், எழுத்தை அழிக்கும் ரப்பரில் ஒரு துண்டு. காரிலிருந்து எடுத்த மோட்டாரும் செல் பெட்டியும். கோப்பையைக் கவிழ்த்து, மூன்று பேனாக்களையும் முக்காலியின் கால்கள்போல, நுனி கீழே இருக்கும்படி ஒட்டவேண்டும். கோப்பையின் முதுகில் மோட்டாரை ஒட்டி, வெளியே நீட்டியிருக்கும் அதன் அச்சில் ரப்பர் துண்டைக் குத்தவேண்டும். நடுவில் அல்ல, ஓரமாக! சூட்சுமம் முழுவதும் அங்கேதான். ஒரு பக்கம் மட்டும் கனம் சுற்றும்போது கோப்பை நிலைகொள்ளாமல் உதறும். உதற உதற நகரும்.

இரண்டு பேனா செல்கள், மூன்று வோல்ட், போதும். சுவர்ப் பிளக்கின் பக்கமே போகக் கூடாது. செல்லின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் சேர்த்துவிட்டாலும் கம்பி கையைச் சுடும்.

முதல் தடவை எங்கள் ரோபோ ஒரு குதி குதித்துக் குப்புற விழுந்தது. ரப்பர் பெரிதாகிவிட்டது! பாதியாக நறுக்கினோம். இந்தத் தடவை, அடேயப்பா, விரித்திருந்த காகிதத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக வளையம் வளையமாகப் போட்டுத் தள்ளிவிட்டது.

"அதெல்லாம் சரி, இது ரோபோவா?" என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், இல்லை. சுற்றுப்புறத்தை உணர்ந்து, அதற்குத் தக்கபடி தானே நடந்துகொண்டால்தான் அந்தப் பெயர் தகும். அந்தக் கணக்கில், மின்சார அரிசிக் குக்கர் இதைவிட மேல். தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வற்றியதும் சூடு ஏறும். அப்போது அடியிலுள்ள உலோகம் காந்தத்தின் பிடியை விட்டுவிட, 'டக்'கென்று சுவிட்ச் விழுகிறது. பக்கத்தில் யாரும் நிற்கவேண்டாம்!

1940-களின் கடைசியில் இங்கிலாந்தில் கிரே வால்ட்டர் என்ற விஞ்ஞானி இரண்டே வால்வுகளை வைத்து, வெளிச்சத்தைத் தேடிப் போகும் ஆமைகளைச் செய்தார். நம் பக்கமும் சளைத்ததல்ல. கொள்ளிடத்துக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாதான் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயை உலவவிட்டார். 2020-ல் கொரோனா பரவியபோது, நோயாளிகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுபோக 'ஸாஃபி' என்ற ரோபோவைத் திருச்சியிலேயே செய்தார்கள்.

இதையெல்லாம் கேட்டதும், "அப்படியானால் விளக்கை அணைத்ததும் நம் ரோபோ தானாக நிற்கவேண்டும், சித்தி" என்றாள் பெண். வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற சின்ன வில்லை ஒன்று, ஒரு டிரான்ஸிஸ்டர் — திருச்சியில் வாங்க வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டோம்.

அதற்குள் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து காகிதத்தைக் குனிந்து பார்த்தாள். "வளையம் ரொம்பப் பெரிதாக வருகிறதே! ரப்பரை இன்னும் கொஞ்சம் நறுக்கிப் பாரேன்" என்று அரிவாள்மணையை எடுக்கப் போனாள்.