பூட்டியாயிற்றா?

கடைவாசலில் காரை நிறுத்திவிட்டு, நடந்துகொண்டே ரிமோட் பொத்தானை அழுத்துகிறோம். பூட்டிற்றா? விளக்குகள் கண் சிமிட்டும்தான். உச்சி வெயிலில் அது யார் கண்ணில் படும்? தென்னாப்பிரிக்காவில் திருடர்களுக்கு இந்த அவசரமே மூலதனம். அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பிவிட்டால், ரிமோட்டின் கட்டளை காருக்கு எட்டாது. சொந்தக்காரர் கடைக்குள், திருடன் காருக்குள்!

இதற்குப் பரிகாரம், 'பீப்' என்று ஒரு குரல். சில கார்களில் இந்த வசதி முன்பே உண்டு. கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். இல்லையேல் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பல கார்களில் கதவைப் பூட்டும் சமயம் மட்டும் ஒரு கம்பியில் கணநேரம் 12 வோல்ட் மின்சாரம் பாயும். அதில் ஃபியூஸ் வைத்துச் சிறு பஸ்ஸரை இணைத்தால் போதும்.

ஆனால் பஸ்ஸர் அறிவிப்பது மின்சாரம் வந்ததை மட்டுமே. கதவு சரியாகச் சாத்தியதற்கு அது ஜாமீன் அல்ல. குரல் கேட்டாலும் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். கேட்காவிட்டாலோ, காரை விட்டு நகராதீர்கள்!