பத்து ரூபாயும் சிம் பெட்டியும்

"போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30க்கு ஃபியூஸைப் பிடுங்குவோம், அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று மெசேஜ் வந்தது. என் நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று திருக்கோவிலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

கிடைக்கவே வேண்டாம். எண்களை வரிசையாகப் போட்டு அனுப்பினால், பில் கட்டாத யாராவது சிக்குவார்கள். 2022இல் தமிழ்நாடு முழுக்க இது சுற்றியபோது, அன்றைய டிஜிபி சைலேந்திர பாபுவே வீடியோவில் எச்சரித்தார். நம்மூரில் வீட்டு மீட்டருக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதுகூட எழுதியவனுக்குத் தெரியவில்லை.

கூப்பிட்டால் குரல் பணிவாக இருக்கும். "பத்து ரூபாய் கட்டுங்க சார், அப்டேட் ஆயிடும்." அதற்குமுன் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். நம் திரையை அவன் திரையில் காட்டும் செயலி அது. பத்து ரூபாய்க்காக நாம் தட்டும் கார்டு எண்ணும், வந்து விழும் ஓடிபியும் அவன் கண்முன்னே.

எனக்கு வியப்பு அந்தச் செய்தி புறப்படும் இடம்தான். வங்கியின் செய்தி எழுத்துப் பெயரில் வரும்; தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிப்படி அந்தப் பெயரையும் வாசகத்தையும் முன்பே பதிய வேண்டும். சாதாரணப் பத்து இலக்க எண்ணுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் ஒரே சிம்மிலிருந்து ஆயிரக்கணக்கில் போனால் மாட்டிக்கொள்ளும். ஆகவே சிம் பாக்ஸ். கடைத்தெரு அச்சகத்தில் சிறுவயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன், ஈய எழுத்துகளுக்கு அறை அறையாக ஒரு மரப்பெட்டி. அதுபோல இதில் அறைக்கொரு சிம். கணினி சிம்மை மாற்றி மாற்றிச் செய்தியைத் தள்ளும். எந்த எண்ணும் அளவு மீறியதாகத் தெரியாது. 2025 டிசம்பரில் சிபிஐ பிடித்த ஒரு கும்பல் பயன்படுத்தியது சுமார் 21,000 சிம்கள்.

இத்தனை சிம்மும் யார் பெயரில்? பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் பெயரில்தான். தெருவோரக் குடையின் கீழ் இலவச சிம் என்றதும் ஆதாரை நீட்டுகிறோம். "ரேகை சரியா விழலை, இன்னொரு தடவை வைங்க" என்றால் வைக்கிறோம். அந்த இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம் பிறந்திருக்கலாம். வீட்டுப் பத்திரத்தைப் பூட்டி வைக்கும் ஊர், ஆதார் நகலை ஜெராக்ஸ் கடை மேசையிலேயே விட்டுவிட்டு வருகிறது. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் உள்ள எண்களைப் பார்க்கலாம். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். எனக்குத் தெரிந்து பார்த்தவர்கள் குறைவு.

காசு போய்விட்டால் வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் வங்கியில் முடக்கிவிட முடியும்.