தான் இருக்கும் இடம் தனக்கே தெரியாத புரோகிராம்! தெரியுமா?

உங்கள் லினக்ஸ் கணினியில் இந்த நொடி நூறு புரோகிராம்கள் ஓடுகின்றன என்று வையுங்கள். அநேகமாக அத்தனையும் சி லைப்ரரியைத்தான் நம்பியிருக்கின்றன. ஆனால் அந்த லைப்ரரியின் நிரல் ராமில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, தெரியுமா? அதைவிட வேடிக்கை, அந்த ஒரே பிரதி ஒவ்வொரு புரோகிராமுக்கும் வெவ்வேறு முகவரியில் தெரிகிறது! எங்கே ஏற்றினாலும் நிரலில் ஒரு பைட்டைக்கூடத் தொடாமல் ஓடும்படி கம்பைலர் அதைச் செய்து வைத்திருக்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. லினக்ஸின் ஆரம்ப நாட்களில், ஏ.அவுட் என்ற ஃபைல் வடிவம் கோலோச்சிய காலத்தில், லேஅவுட் போட்டு மனை பிரிப்பதுபோல ஒவ்வொரு லைப்ரரிக்கும் முகவரியைப் பட்டியலிட்டு ஒதுக்கினார்கள். ஒன்று வளர்ந்து பக்கத்து மனைக்குள் நுழைந்தால் வம்புதான். 1990களின் நடுவில் எல்ஃப் வடிவம் வந்துதான் அதற்கு முழுக்குப் போட்டது. சன் நிறுவனமோ 1988-லேயே சன்ஓஎஸ் 4.0-வில், எங்கே ஏற்றினாலும் ஓடும் லைப்ரரியைச் செய்து காட்டிவிட்டது!

சரி, முகவரி தெரியாத நிரல் "நான் எங்கே இருக்கிறேன்?" என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? 32 பிட் இன்டெல் சிப்பில் அதைக் கேட்க நேரடிக் கட்டளையே கிடையாது. கம்பைலர் என்ன செய்தது தெரியுமா? சும்மா ஒரு குட்டி ஃபங்ஷனைக் கூப்பிட்டது. கூப்பிட்டால், திரும்பி வரவேண்டிய முகவரியை சிப்பே ஸ்டாக்கில் எழுதிவைக்கும் அல்லவா? குட்டி ஃபங்ஷன் அதை எட்டிப் பார்த்து ஈபிஎக்ஸ் ரிஜிஸ்டரில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். வேறு வேலையே இல்லை! இருப்பதே எட்டுப் பொது ரிஜிஸ்டர். அதிலும் ஒன்று இதற்கே போய்விட்டது. 2003-ல் ஏஎம்டியின் 64 பிட் ஆப்டெரான் வந்து, "இந்தக் கட்டளையிலிருந்து இத்தனை பைட் தள்ளி" என்று தரவைச் சுட்டும் வசதியைத் தந்த பிறகுதான் இந்தக் கூத்து ஓய்ந்தது.

தன் இடம் தெரிந்தால் மட்டும் போதாது, கூப்பிடும் லைப்ரரி ஃபங்ஷனின் இடமும் வேண்டுமே. நீங்கள் பிரிண்ட்எஃப் என்று எழுதினால் புரோகிராம் நேரே அங்கே போவதில்லை என்பதாவது தெரியுமா? முதலில் பிஎல்டி என்ற இடைத்துண்டுக்குத் தாவும். அது ஜிஓடி என்ற முகவரி அட்டவணையைப் பார்த்து, அதில் எழுதியிருக்கும் இடத்துக்குத் தாவும். முதல் தடவை அட்டவணை என்ன சொல்கிறது? வந்த பிஎல்டியின் அடுத்த வரிக்கே திரும்பிப் போ என்கிறது! அங்கிருந்து, லைப்ரரிகளை ஏற்றி இணைக்கும் லோடரை எழுப்ப, அது லைப்ரரிகளைத் துழாவி நிஜ முகவரியைக் கண்டுபிடித்து, அட்டவணையில் எழுதி, கையோடு பிரிண்ட்எஃப்பையும் ஓட்டிவிடுகிறது. இரண்டாம் தடவை தேடல் கிடையாது. இன்று பல டிஸ்ட்ரோக்கள் பாதுகாப்புக் கருதி எல்லா முகவரிகளையும் தொடக்கத்திலேயே நிரப்பி அட்டவணையைப் பூட்டிவிடுகின்றன. நியாயம்தான், ஆனாலும் அழகு என்னவோ அந்தப் பழைய சோம்பேறி முறையில்தான்.

அந்த லோடரும் ஒரு ஷேர்டு லைப்ரரிதான்! ஊருக்கெல்லாம் முகவரி எழுதுமுன் தன்னுடையதைத் தானே எழுதிக்கொள்ள வேண்டிய நிலை அதற்கு.

பைத்தான் கதை இன்னும் அட்டகாசம். ஷேர்டு லைப்ரரிக்குள் ஒரு ஃபங்ஷன், வெளியிலிருந்தும் கூப்பிடக்கூடிய பக்கத்து ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் அட்டவணை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அதே பெயரில் வேறொன்றை யாராவது முன்னால் நுழைக்கலாம் என்று அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். "யாரும் நுழைக்க மாட்டார்கள், போ" என்று ஜிசிசி கம்பைலருக்கு ஒரே ஒரு ஆப்ஷன் கொடுத்ததும், ஷேர்டு லைப்ரரியாகக் கட்டிய பைத்தான் 3.10 பதிப்பு 30 சதவீதம் வரை வேகமெடுத்தது!

எந்த இடத்திலும் ஓடும் நிரலால் இன்னொரு லாபம்: ஒவ்வொரு முறையும் முகவரியை மாற்றிப் போட்டுத் தாக்குபவரைக் குழப்பலாம். 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.0, நிலையான முகவரிக்கென்று கம்பைல் செய்த புரோகிராமை இயக்கவே மறுத்துவிட்டது.

உபுண்டுவோ டெபியனோ கையில் இருந்தால் சி லைப்ரரி ஃபைலையே ஒரு கமாண்டுபோல ஓட்டிப் பாருங்கள். தன் பதிப்பு எண்ணைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளும். பிறகு, ஒரு புரோகிராம் நம்பியிருக்கும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கமாண்டில் ஏதேனும் ஒரு புரோகிராமின் முழுப் பாதையைக் கொடுங்கள். பட்டியலில் லினக்ஸ்-விடிஎஸ்ஓ என்று ஒன்று வரும். அந்தப் பெயரில் டிஸ்கில் ஃபைலே கிடையாது! புரோகிராம் மணி கேட்கும்போதெல்லாம் கெர்னலுக்குள் போய்வரும் செலவை மிச்சப்படுத்த, கெர்னலே ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் ஒட்டிவைக்கும் குட்டி ஷேர்டு லைப்ரரி அது.