சங்கிலிக்குத் தடை, சந்தையிலே விலை!

கழுத்திலே சங்கிலி வெளியே தெரியக் கூடாது. அரைக்கால் சட்டை கூடாது. கையில்லாத பனியன் கூடாது. கூரைக்கு அடியிலே கருப்புக் கண்ணாடி கூடாது. தலையிலே தொப்பி கூடாது.

சிறைச்சாலை விதிகள் அல்ல தோழர்களே! பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளுக்கு இட்ட கட்டளையும் அல்ல. ஆறரை அடி உயர ஆண்பிள்ளைகளுக்கு, அமெரிக்க நாட்டின் தேசியக் கூடைப்பந்துச் சங்கம், என்.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லுகிறார்களே அந்தச் சங்கம், 2005-ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 17-ஆம் நாள் பிறப்பித்த ஆணை! ஆடுகளத்திலே அணிய வேண்டியதைப் பற்றிய ஆணை என்றால் நாம் வாய் திறக்கமாட்டோம். சீருடை என்பது எந்த ஆட்டத்துக்கும் உண்டு. இதுவோ, ஆட்டத்துக்கு வரும்போது எப்படி வரவேண்டும், முடித்துப் போகும்போது எப்படிப் போகவேண்டும், காயம்பட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தால்கூட எந்தக் கோட்டு அணிந்து உட்காரவேண்டும் என்கின்ற ஆணை. அன்றைய ஆணையர் டேவிட் ஸ்டெர்ன். மீறினால் அபராதம்.

ஏன் பிறந்தது இந்த ஆணை? முந்திய ஆண்டு, 2004 நவம்பர் 19-ஆம் நாள் இரவு, டெட்ராய்ட் நகருக்கு அருகே நடந்த ஓர் ஆட்டத்திலே அடிதடி. பார்வையாளர் ஒருவர் எறிந்த கோப்பை, இண்டியானா அணியின் ரான் ஆர்ட்டெஸ்ட் மீது வந்து விழுந்தது. ஆர்ட்டெஸ்ட் பாய்ந்தார் பார்வையாளர் கூட்டத்துக்குள்ளே. தொடர்ந்து பாய்ந்தனர் வேறு சிலர். பருவம் முழுவதும் அவர் ஆடக் கூடாது என்று தண்டனை விதித்தார்கள். தண்டனை சரியே. பணம் கொடுத்துப் பார்க்க வந்தவனை அடிப்பது வீரமாகாது. ஆனால் அந்த இரவைக் காட்டித்தானே, "ஆட்டத்தின் பெயர் கெட்டுவிட்டது, விளம்பரக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், வீரர்களின் தோற்றத்தைத் திருத்துவோம்" என்று கிளம்பினார்கள்! நாம் ஒன்று கேட்கிறோம். அன்றிரவு மல்லுக்கு நின்றவர்கள் உடலிலே இருந்தது என்ன? சங்கிலியா? தொளதொளக் கால்சட்டையா? இல்லை. ஆடுகளத்துச் சீருடை! அணியின் பெயரும் எண்ணும் பொறித்த, கடையிலே காசுக்கு விற்கிற அதே சீருடை! குற்றம் செய்தபோது உடுத்தியிருந்த உடைக்குத் தண்டனை இல்லை. பெட்டியிலே மடித்து வைத்திருந்த உடைக்குத் தண்டனை. என்னே நீதி!

உண்மை என்னவென்றால், அந்த ஆணை ஒரு மனிதரின் உருவத்தைக் கண்முன் நிறுத்திக்கொண்டு எழுதப்பட்டது என்று அன்றே பலரும் பேசினர். அவர்தான் ஆலன் ஐவர்சன்.

வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டன் நகரத்திலே, பதினைந்து வயதுத் தாய்க்குப் பிறந்த பிள்ளை. வீட்டிலே வறுமை. 17 வயதிலே, இனப் பகையால் மூண்டதாகச் சொல்லப்பட்ட ஒரு கைகலப்பு. அந்த வழக்கிலே சிறை. மாநில ஆளுநர் கருணை காட்டி விடுவித்தார். பிறகு 1995-இல், போதிய சான்று இல்லை என்று மேல்முறையீட்டு மன்றம் அந்தத் தீர்ப்பையே தள்ளிவிட்டது. சட்டம் மறந்தது, ஏடுகள் மறக்கவில்லை. 1996-இல் பிலடெல்பியா அணிக்கு முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உயரம் ஆறடி. கூடைப்பந்து உலகிலே ஆறடி என்பது குள்ளம்! அந்தக் குள்ளர், ஏழடி மலைகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, நான்கு முறை, அந்தந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற சிறப்பைப் பெற்றார். 2001-இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அதே ஆண்டு இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்திலே, அதுவரை 11 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று வந்த லாஸ் ஏஞ்சல்ஸ் அணியை அதன் சொந்த ஊரிலேயே, 48 புள்ளி எடுத்து வீழ்த்தினார். அடுத்த நான்கு ஆட்டங்களிலும் அவர் அணி தோற்றது. தோற்றால் என்ன? அந்த ஓர் இரவை இன்றளவும் பேசுகிறார்கள்.

இத்தனை இருந்தும், கனவான்கள் கண்ணுக்குத் தெரிந்தது எது? மண்டையோடு ஒட்டப் பின்னிய சடை. கை, கழுத்தெல்லாம் பச்சை குத்திய எழுத்து. தொளதொளக் கால்சட்டை. கழுத்திலே கனத்த சங்கிலி. "போக்கிரிக் கோலம்" என்றார்கள். சங்கத்தின் பெயரால் வெளிவந்த 'ஹூப்' என்ற இதழ், அட்டையிலே அவர் படத்தைப் போட்டபோது ஒரு வேலை செய்தது. பச்சை குத்தியதை அழித்தது, நகையை நீக்கியது. ஆள் வேண்டும், அடையாளம் வேண்டாம்! அம்மாவின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் உடலிலே எழுதிக்கொண்டவர் அவர். அதைத்தான் தூரிகை தடவி அழித்தார்கள்.

இங்கேதான் வேடிக்கை. ரீபாக் என்ற காலணி நிறுவனம், 1996-இலேயே அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. எதை நம்பி? அதே சடையை, அதே பச்சையை, அதே நடையை நம்பித்தான் விற்றது! நகரத்துத் தெருக்களிலே இளைஞர்கள் அவரைப்போல் தலை பின்னிக்கொண்டு, அவர் பெயரால் வந்த காலணிக்குக் காசு நீட்டினார்கள். 2001-இல் வாழ்நாள் ஒப்பந்தமே கையெழுத்தாயிற்று. அவர் சீருடையையும் சங்கம் விற்றது, பெருவாரியாக விற்றது. விற்கும்போது அது 'பாணி'. விளம்பரக்காரர் முகம் சுளித்தால் அது 'அவமானம்'. ஒரே சங்கிலிக்கு இரண்டு பெயர்! பெயர் சூட்டும் உரிமை யாருக்கு? அணிந்தவனுக்கு இல்லை.

இது நேற்று முளைத்த வழக்கமா என்றால், இல்லை. நூறாண்டுப் பழமை உண்டு இதற்கு.

ஜாக் ஜான்சன் என்றொரு குத்துச்சண்டை வீரர். டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் ஊரார், கருப்பர். 1908 டிசம்பரில் சிட்னி நகரிலே வென்று, உலகப் பெருநிறைப் பட்டம் பெற்ற முதல் கருப்பர் ஆனார். மழித்த தலை, பளபளக்கும் தங்கப் பல், விலையுயர்ந்த உடை, வேகமான மோட்டார் கார், அடிக்கும்போதே எதிரியைப் பார்த்து ஒரு சிரிப்பு. அடியைப் பொறுத்தார்கள் வெள்ளையர். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்கமுடியவில்லை! ஓய்விலிருந்த ஜெஃப்ரீஸ் என்ற பழைய வீரரை, "வெள்ளையரின் நம்பிக்கையே, எழுந்து வா" என்று தட்டி எழுப்பி, 1910 ஜூலை 4-இல் ரீனோ நகரிலே மோதவிட்டார்கள். விழுந்தார் ஜெஃப்ரீஸ். அன்றிரவே பல நகரங்களிலே கலவரம். கருப்பர் பலர் உயிரிழந்தனர். மேடையிலே வெல்ல முடியாதவரை மன்றத்திலே வென்றார்கள். வெள்ளைப் பெண்ணோடு பழகியதைச் சாக்கிட்டு வழக்கு. 1913-இல் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி. ஓராண்டும் ஒரு நாளும் சிறை. நாட்டைவிட்டு ஓடினார், 1915-இல் ஹவானாவிலே பட்டத்தை இழந்தார், 1920-இல் திரும்பிவந்து சிறை புகுந்தார். மன்னிப்பு வந்தது 2018-இல். அவர் இறந்தது 1946-இல்!

அவருக்குப் பிறகு 22 ஆண்டுகள், எந்தக் கருப்பரையும் அந்தப் பட்டத்தின் பக்கம் அண்டவிடவில்லை. அண்ட வேண்டுமானால் ஜான்சனைப்போல் தோன்றாதவன் வேண்டும். ஜோ லூயிஸ் வந்தார், அலபாமா மண்ணிலே குத்தகை உழவரின் மகன். அவருடைய நிருவாகிகள் ராக்ஸ்பரோவும் பிளாக்கும் கருப்பர்களே. வெள்ளையர் மனத்தை அறிந்தவர்கள். பையனுக்கு விதி வகுத்தார்கள். வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளாதே. தனியே இரவு விடுதிக்குள் போகாதே. விழுந்த எதிரியைப் பார்த்து ஆர்ப்பரிக்காதே. சிரிக்காத முகத்தோடு வென்றார் லூயிஸ். 1937-இல் பட்டம். 1938-இல், முன்பு தம்மை வீழ்த்திய ஜெர்மானியர் ஷ்மெலிங்கை 124 நொடிகளிலே சாய்த்தார். இட்லரின் இனவெறிக்கு விழுந்த குத்து என்று அமெரிக்கா கொண்டாடிற்று. போர்க்காலத்திலே இரண்டு சண்டைகளின் ஊதியத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார், படையிலும் சேர்ந்தார். கிடைத்தது என்ன? வரி பாக்கி என்று அரசு பல்லாண்டு துரத்தியது. பிற்காலத்திலே லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றிலே வருவோரை வரவேற்கும் வேலை. தோற்றத்திலே குற்றமில்லாமல் வாழ்ந்தவர் கதை இது!

ஆணையை ஆதரித்த கருப்பர்களும் இருந்தார்கள், மறைக்கவேண்டியதில்லை. சார்லஸ் பார்க்லி என்ற பெருவீரர் ஆதரித்தார். ஏழைப் பையன்கள் இந்த வீரர்களைப் பார்த்து உடுத்துகிறார்கள், அந்தக் கோலத்திலே வேலை கேட்டுப் போனால் கதவு திறக்காது என்பது அவர் கவலை. நேர்மையான கவலை. கிழிந்த சட்டையோடு அலுவலக வாசலிலே நின்றறிந்த தோழனுக்கு அது புரியும். ஆனால் பார்க்லி திருத்தச் சொன்னது பையனின் சட்டையை. கதவைத் திறக்க மறுப்பவனை யார் திருத்துவது? கோட்டு மாட்டிய ஜோ லூயிசுக்கு எத்தனை கதவு திறந்தது?

பெண் வீரர்களின் பாடு இன்னும் விசித்திரம். 2018-இல் செரீனா வில்லியம்ஸ், பிள்ளை பெற்றபின் இரத்தக் கட்டு நோய்க்குத் தப்பிப் பிழைத்து, உடலோடு ஒட்டிய கருப்பு முழு உடை அணிந்து பாரிசிலே டென்னிஸ் ஆடினார். இரத்த ஓட்டத்துக்கு அது உதவுகிறது என்றார். இனி ஏற்கமாட்டோம், ஆட்டத்துக்கு மரியாதை வேண்டும் என்றார் பிரெஞ்சு டென்னிஸ் தலைவர். 2021-இல் நார்வே நாட்டுக் கடற்கரை ஹேண்ட்பால் மங்கையர், பிகினி மறுத்துக் குட்டைக் கால்சட்டை அணிந்தனர். 1500 யூரோ அபராதம்! ஒருத்தி மூடினாள் என்று குற்றம். மற்றவர்கள் போதிய அளவு திறக்கவில்லை என்று குற்றம். எதிர்ப்பு எழுந்த பிறகே, அந்த ஆண்டு இறுதியில், ஹேண்ட்பால் விதியை மாற்றினார்கள்.

ஐவர்சனை அடக்க வந்த ஆணை என்ன ஆயிற்று? சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார்கள். கோட்டு போடச் சொன்னார்கள், போட்டார்கள், எப்படிப்பட்ட கோட்டு! டுவைன் வேட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் போன்றவர்கள் அரங்கத்து நடைவழியையே ஆடை அணிவகுப்பாக ஆக்கிவிட்டார்கள். தையல் நிறுவனங்கள் வரிசையிலே நின்றன. படமெடுப்போர் கதவோரம் காத்துக்கிடந்தனர். 2018 மே 31-இல், ஓக்லாந்து நகரிலே இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்துக்கு லெப்ரான் ஜேம்ஸ் வந்து இறங்கினார். மேலே கோட்டு, கழுத்திலே டை, கையிலே தோல் பை, கண்ணிலே கருப்புக் கண்ணாடி, கீழே அரைக்கால் சட்டை! 2005-இல் பெயர் சொல்லித் தடுக்கப்பட்ட அதே அரைக்கால் சட்டை. தைத்தது டாம் பிரவுன் என்ற பேர்போன நிறுவனம். அன்றிரவு அவர் எடுத்தது 51 புள்ளிகள். அவர் அணி தோற்றது. மறுநாள் ஏடுகள் அந்த உடையின் விலையைக் கணக்குப் போட்டு எழுதின.