சாய்பாவ் என்றொரு பையன்

போதைப்பொருள் ஒழிப்புத் தினம் வந்தால் பாடசாலைகளில் சுவரொட்டிகள் ஒட்டுகிறோம். பேச்சுப் போட்டிகள் நடத்துகிறோம். அவற்றில் போதைக்கு அடிமையானவன் மண்டையோட்டுப் படத்துக்குப் பக்கத்தில் நிற்பான். அவனுக்கு ஊர் இருக்காது, நண்பன் இருக்கமாட்டான், பெயரும் இருக்காது. அப்படிப்பட்ட ஒருவனை மனிதனாகக் காட்டிய திரைப்படம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அது மீரா நாயர் இயக்கி 1988இல் வெளிவந்த ‘சலாம் பம்பாய்’ என்ற ஹிந்திப் படம்.

கதையின் நாயகன் கிருஷ்ணா என்ற சிறுவன். அண்ணனின் மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைத்துவிட்டான். நஷ்டத்துக்கு 500 ரூபா சம்பாதித்துக் கொண்டுதான் வீட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லித் தாய் அவனை ஒரு சர்க்கஸ் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறாள். சர்க்கஸ்காரர்களோ அவனை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். கையில் இருந்த காசுக்கு டிக்கெட் வாங்கிப் பம்பாய்க்கு ரயிலேறுகிறான். அங்கே ஒரு தேநீர்க் கடையில் எடுபிடி வேலை கிடைக்கிறது.

அன்றிலிருந்து அவன் கிருஷ்ணா அல்ல. எல்லோருக்கும் ‘சாய்பாவ்’. எங்கள் மொழியில் சொன்னால் ‘தேநீரும் பாணும்’. கையில் சுமப்பதே அவனுக்குப் பெயராகிவிடுகிறது. நேபாளத்திலிருந்து விற்கப்பட்டு வந்த சிறுமியை ‘சோலா சால்’ என்கிறார்கள்; பதினாறு வயது என்பது அதன் பொருள். அவளது வயதுதான் அவளுக்கு விலை. போதைத்தூள் விற்கும் இளைஞனின் பெயர் ‘சில்லம்’. அது புகை பிடிக்கும் மண் குழாய். இவர்கள் எல்லோருக்கும் மேலே இருக்கும் வியாபாரியை மட்டும் ‘பாபா’ என்று மரியாதையாக அழைக்கிறார்கள். நாங்கள் வீட்டில் ‘வாப்பா’ என்று அழைப்பதற்கு நெருங்கிய சொல் அது. பிள்ளைகளின் பெயர்களைப் பறித்த தெரு, அவர்களைக் கெடுப்பவனுக்குத் தந்தையின் பெயரைக் கொடுத்திருக்கிறது.

படத்தில் என்னை மிகவும் பாதித்தவன் சில்லம். ரகுவீர் யாதவ் நடித்திருக்கிறார். தெருவுக்குப் புதிதாக வந்த கிருஷ்ணாவை முதலில் அரவணைப்பவன் அவன்தான். ஆனால் பாபாவுக்காக விற்கும் தூளுக்கு அவனே அடிமை. பாபா அவனைத் துரத்திவிட்ட பிறகு அவனது உடல் படும் பாட்டைப் படம் மறைக்காமல் காட்டுகிறது. இது நடிப்புக்காக மிகைப்படுத்தியது அல்ல. ஹெரோயினுக்கு உடல் பழகிவிட்டால், முன்பு மயக்கம் தந்த அளவு சாதாரணமாக எழுந்து நடமாடுவதற்கே தேவைப்படும். நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் நோகும், வாந்தியும் நடுக்கமும் வரும். சில நாட்கள் விட்டிருந்தவர் பழைய அளவை மீண்டும் எடுத்தால் மூச்சு அடங்கி இறந்துபோகவும் கூடும். “மனம் வைத்தால் விட்டுவிடலாமே” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மனம் வேண்டும்தான், ஆனால் மருத்துவமும் வேண்டும்.

கிருஷ்ணா 500 ரூபாவுக்காகச் சேர்த்துவைத்த காசைச் சில்லம் திருடுகிறான். அந்தக் காசில் வாங்கிய தூளாலேயே இறந்துபோகிறான். படத்தின் மிகக் கொடிய காட்சி இதற்குப் பிறகுதான் வருகிறது. பாபா இன்னொரு பையனைப் பிடித்து அதே வேலையைக் கொடுத்து, அதே பெயரையும் வைத்துவிடுகிறான். இப்போது அவன்தான் ‘சில்லம்’. வியாபாரத்துக்கு வேண்டியது ஆள் அல்ல. காலியான இடத்தை நிரப்ப ஒரு கை மட்டுமே.

மீரா நாயர் பம்பாய்த் தெருக்களில் வாழ்ந்த சிறுவர்களைத் தேடிப்பிடித்து, பயிற்சிப் பட்டறை நடத்தி நடிக்க வைத்தார். திரைக்கதையை எழுதியவர் சூனி தாராபூர்வாலா. இசையமைத்தவர் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த வயலின் வித்துவான் எல். சுப்பிரமணியம். 1988இல் கான் விழாவில் முதற்படத்துக்கான ‘தங்கக் கமரா’ விருது கிடைத்தது. ஒஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது. கிருஷ்ணாவாக நடித்த ஷஃபீக் சையத் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றார். ஆனால் பின்னாளில் பெங்களூரில் ஓட்டோ ஓட்டித்தான் பிழைத்தார். படத்தின் வழியாகத் தோன்றிய ‘சலாம் பாலக்’ அறக்கட்டளை தெருவோரச் சிறுவர்களுக்குத் தங்குமிடமும் கல்வியும் வழங்கி வருகிறது. கைதட்டல் ஓய்ந்த பிறகும் நிற்பது அந்த வேலைதான்.

இது பம்பாயின் கதை மட்டும்தானா? கொழும்பின் முடுக்குகளையும் தோட்டங்களையும் அறிந்தவர்களுக்குச் சில்லம் அந்நியன் அல்ல. நுகேகொடையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு நானா இருக்கிறார். ஊரார் வாயில் அவர் ‘குடுகாரன்’. அவருடைய உம்மா மட்டும் இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சிகிச்சைக்குப் போய் மாதக்கணக்கில் இருந்து, உடல் தேறித் திரும்பி வந்தார். பட்டம் மட்டும் தேறவில்லை. வேலை கேட்டுப் போன இடத்தில் அவருக்கு முன்னமே அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. வேலை தர மறுத்துவிட்டார்கள். ஆனால் குடு விற்பவன் அவரை ஒருநாளும் மறுத்ததில்லை. பட்டப்பெயர் சூட்டி ஒருவரையொருவர் இழிவுபடுத்த வேண்டாமென்று அல்குர்ஆன், சூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனத்தில் தடுக்கிறது. அந்தத் தடை எவ்வளவு நடைமுறையானது என்பதை இந்தப் படத்தைப் பார்த்த பிறகு நன்றாக விளங்கிக்கொண்டேன்.

இது சிறு பிள்ளைகள் பார்க்கும் படமல்ல. உயர்தர வகுப்பு மாணவியர் பெற்றோருடன் அமர்ந்து பார்த்து, பிறகு பேச வேண்டிய படம். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வீட்டில் சந்தேகம் எழுந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று மூடிவைக்க வேண்டாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். நுகேகொடைக்கு அருகே தலங்கமயில் அதன் சிகிச்சை நிலையமும் உண்டு.

சிகிச்சை முடிந்து திரும்பி வருபவருக்கு நாங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அதற்குக் காசு வேண்டியதில்லை. அவரது உம்மா வைத்த பெயரால் ஸலாம் சொல்லி, சுகம் விசாரிப்போம்.