இலவசப் பதிவிறக்கம்: இழப்பு யாருக்கு?

புது தில்லி: தில்லி நேரு பிளேஸ் நடைபாதைகளில் ஒரு காலத்தில் கூவி விற்கப்பட்ட கள்ள மென்பொருள் குறுந்தகடுகளின் இடத்தை இன்று இணையதளங்கள் பிடித்துக்கொண்டுள்ளன. பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள மென்பொருள் அங்கு இலவசம். ஆனால் அதனுடன் சேர்ந்து வைரஸ் நிரல்களும் கணினிக்குள் புகுந்துவிடுவதுதான் ஆபத்து.

பூட்டை உடைக்கும் உத்தி: உரிமம் பெறாமலேயே மென்பொருளை இயக்க உதவும் "கிராக்' நிரல்களே இதற்கு முக்கியக் காரணம். நிறுவுவதற்கு முன் வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திவிடுமாறு இத்தளங்கள் அறிவுறுத்துகின்றன. திருடனுக்காக வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிடுவது போன்றது இது.

2018 முதல் பரவிய "ஸ்டாப்' என்னும் நிரல் பெரும்பாலும் இவ்வழியாகவே வீட்டுக் கணினிகளைத் தாக்கியது. புகைப்படங்களையும் ஆவணங்களையும் திறக்க முடியாதபடி முடக்கிவிட்டு, அவற்றை மீட்க 980 டாலர் கேட்டது. 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதித் தொகை போதும் என்றது.

விலை கொடுத்து வாங்கும் மென்பொருளும் முற்றிலும் பாதுகாப்பானது என்று கூறிவிட முடியாது. 2017-ல் "சிகிளீனர்' மென்பொருளின் அதிகாரப்பூர்வப் பதிப்பிலேயே தீய நிரல் நுழைக்கப்பட்டு, சுமார் 22.7 லட்சம் கணினிகளைச் சென்றடைந்தது. ஆனால் அங்கு தவறைத் திருத்தவும் பதில் சொல்லவும் ஒரு நிறுவனம் இருந்தது. கள்ள நகலுக்குப் பொறுப்பேற்க எவரும் இல்லை.

சட்டம் சொல்வது என்ன? கணினியில் வைரஸைப் புகுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ. 5 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். அதேவேளையில், கள்ள நகல் எனத் தெரிந்தே பயன்படுத்துவோருக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வகை செய்கிறது. லாப நோக்கம் இல்லையெனில் சிறைத் தண்டனையை நீதிமன்றம் தவிர்க்கலாம். எனினும், பாதிக்கப்பட்டவர் புகார் அளிக்கத் தயங்க இதுவே போதுமானது.

மத்திய அரசின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான "செர்ட்-இன்', இணையத் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்குமாறு 2022-ல் உத்தரவிட்டது. நிறுவனங்களுக்கும் அரசு அமைப்புகளுக்குமே அந்தக் கட்டாயம். வீட்டுக் கணினி அதன் வரம்புக்குள் வரவில்லை.

மாற்று வழி: 2017-ல் தொடங்கப்பட்ட "சைபர் ஸ்வச்தா கேந்திரா' வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது. சென்னை "சி-டாக்' உருவாக்கி 2007-ல் வெளியிட்ட "பாஸ்' லினக்ஸ் இயங்குதளம் தமிழிலும் இயங்கக்கூடியது. அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. "லிப்ரே ஆபீஸ்' போன்ற கட்டற்ற மென்பொருள்களும் அவ்வாறே.

சட்டப்படியே இலவசமாகக் கிடைப்பவை இருக்க, கள்ள நகலைத் தேடும் நிலை ஏன்? பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் கட்டற்ற மென்பொருள்களைப் பழக்கப்படுத்துவதே இதற்கு விடை. கையில் காசில்லாத மாணவரைத் தண்டனைப் பிரிவைக் காட்டி அச்சுறுத்துவதால் அவரது கணினி பாதுகாப்பாகிவிடாது.