விளையாட்டு உலகம் – 9: அம்பத்தூரில் குடியிருக்கும் ஆட்டங்கள்

'கவுன்டர்-ஸ்ட்ரைக்', 'டோட்டா' ஆட்டங்களை நடத்தும் அமெரிக்காவின் வால்வ் நிறுவனத்துக்கு உலகம் முழுக்கச் சர்வர்கள் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட், சிங்கப்பூர், டோக்கியோ, மும்பை என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் 'சென்னை – அம்பத்தூர்'. டிஐ சைக்கிளும் டன்லப் டயரும் செய்த ஊர். 1964-இல் தொழிற்பேட்டை வந்த ஊர். இப்போது அங்கே டேட்டா சென்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்புகின்றன. ஜப்பானின் என்டிடி நிறுவனம் 2023-இல் ஒரு வளாகத்தையே திறந்தது. கள்ளிக்குப்பத்தில் ஒரு பையன் மவுஸை அழுத்தினால், அவன் சுட்ட தோட்டா சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கட்டடத்துக்குப் போய்த் திரும்பக்கூடும்.

ஆட்டம் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவருக்கு அது சொந்தமா? டிஸ்க்கா, டவுன்லோடா என்று ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பிளேஸ்டேஷன் வாங்கப் போகிறவர்கள் இன்று கேட்கும் கேள்விக்கு அடியில் கிடப்பது இதுதான். போன வாரம் பார்த்த டிவி கேம் கேட்ரிட்ஜ் காலத்தில் இப்படி ஒரு சந்தேகம் எழவே வழியில்லை. கேட்ரிட்ஜ் கையில் இருந்தால் ஆட்டமும் கையில் இருந்தது.

இருபது வருடங்களுக்கு முன்னால் ஆவடிப் பையனுக்குப் புது ஆட்டம் வேண்டுமென்றால் மின்சார ரயில்தான் வழி. அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் எல்லாம் தாண்டி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெரு. இல்லாவிட்டால் பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் உருவான பர்மா பஜார். பூந்தமல்லிக்காரருக்கு ரயிலும் கிடையாது, பஸ்தான்.

அங்கே கிடைத்த டிஸ்க்கில் பெரும்பாலானவை திருட்டுப் பிரதிகள். மெல்லிய பிளாஸ்டிக் உறை. உள்ளே மங்கலாக அச்சடித்த அட்டைப்படம். டிஸ்க்கின் முதுகில் மார்க்கர் பேனாவால் எழுதிய பெயர், சில சமயம் எழுத்துப் பிழையோடு. "தம்பி, இன்ஸ்டால் பண்ணிட்டு கிராக் ஃபோல்டர்ல இருக்கிறதை எடுத்து அப்படியே காப்பி பண்ணிப் போட்டுடு, ஓடும்" என்று கடைக்காரர் ஒரு வரியில் பாடம் எடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்து போட்டால் 98 சதவீதத்தில் இன்ஸ்டால் நின்றுபோகும். சட்டைத் துணியால் துடைத்து, ஊதி, மறுபடி போட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் அடுத்த ஞாயிறு மறுபடி ரயில்.

ஒரிஜினல் கிடைக்காமல் இல்லை. லேண்ட்மார்க் கடையில் பளபளவென்று பெட்டிகள் அடுக்கியிருக்கும். எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வந்தவர்களே அதிகம்.

டவுன்லோட் என்பது அன்று பேச்சளவில்தான். பிஎஸ்என்எல் 2005-இல் 'டேட்டாஒன்' பிராட்பேண்டைக் கொண்டுவந்தபோது ஆரம்ப வேகம் 256 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் 1 ஜிபி இறங்க ஏறக்குறைய 9 மணி நேரம். பிறகு 2 எம்பிபிஎஸ் ஆனபோதும் மாதக் கணக்கு இரண்டரை ஜிபியில் தீர்ந்துவிடும். 'ஹோம் 500' பிளானில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம் என்றிருந்தது. அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்த ஒரு தலைமுறையே இந்தப் புறநகர்களில் இருக்கிறது. அப்பா எழுந்து பேப்பர் எடுக்கும்போது மானிட்டரை அணைத்துவிட்டு, சிபியு மட்டும் ஓடட்டும் என்று விடுவது அவர்களின் பொதுப் பழக்கம்.

இதையெல்லாம் மாற்றியது ஒரே அடி அல்ல. வால்வ், கம்ப்யூட்டர் ஆட்டங்களை இணையத்தில் இறக்கித் தரும் தன் 'ஸ்டீம்' சேவையை 2003-இல் தொடங்கி, அடுத்த வருடமே 'ஹாஃப்-லைஃப் 2' டிஸ்க்கை வாங்கியவரும் ஸ்டீமில் பதிவு செய்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. டிஸ்க்கின் அதிகாரம் அன்றே போய்விட்டது. இந்தியாவுக்கு அது உறைக்கப் பத்து வருடம் பிடித்தது. 2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாயில் விலை போடத் தொடங்கியது; டாலர் கணக்கும் வெளிநாட்டில் செல்லும் கார்டும் தேவையில்லாமல் போயின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, டேட்டாவும் மலிவானது. திருட்டு டிஸ்க்கை ரெய்டுகள் குறைத்ததைவிட, ரூபாய் விலையும் தள்ளுபடி சீசனும் குறைத்தவை அதிகம் என்றே சொல்ல வேண்டும். நியாயமான விலையில் எளிதாகக் கிடைத்தால் காசு கொடுக்க இந்த ஊர்ப் பிள்ளைகள் தயங்கவில்லை.

அதே 2015-இல் வெளியான இரண்டு பெட்டிகளைப் பார்த்தாலே கம்ப்யூட்டர் டிஸ்க்கின் கதை முடிந்தது புரியும். 'ஜிடிஏ 5' ஏழு டிவிடிகளில் வந்தது. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டு முடிக்க ஒரு மாலைப் பொழுது போய்விடும். அதன் பிறகும் அப்டேட் இறங்க வேண்டும். 'மெட்டல் கியர் சாலிட் 5' பெட்டியிலோ ஒரே டிஸ்க். அதற்குள் இருந்தது ஸ்டீமை நிறுவும் சில எம்பி ஃபைல் மட்டும். ஆட்டம் முழுவதையும் இன்டர்நெட்டில்தான் இறக்க வேண்டும். இன்று விற்கும் பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் செருகும் இடமே இல்லை.

தேர்வு மிச்சமிருப்பது பிளேஸ்டேஷன் மாதிரியான கன்சோல்களில். பிஎஸ்5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-இல் வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990. அப்போது சோனியின் பெரிய ஆட்டங்கள் 4,999 ரூபாய். வித்தியாசமான பத்தாயிரம், இரண்டு ஆட்டத்தின் விலை. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு முக்கியம். டிஸ்க்கில் வாங்கிய 4,999 ரூபாய் ஆட்டத்தை முடித்துவிட்டு 3,000-க்கு விற்றால் செலவு 1,999. இப்படி நான்கு ஆட்டம் கைமாறினாலே அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடும். டிஜிட்டலில் வாங்கியதை விற்கவே முடியாது.

செகண்ட் ஹேண்ட் கவுன்டரில் இந்த வியாபாரம் நடக்கும் விதமே தனி. டிஸ்க்கை விரல் படாமல் ஓரத்தில் பிடித்து, டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்து, ஒளி வழுக்கிப் போகும் கோட்டில் கீறல் தெரிகிறதா என்று கடைக்காரர் பார்ப்பார். நடு வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவுவார். பெட்டி இல்லாத டிஸ்க்குக்கு விலை குறையும். கால்பந்து ஆட்டமென்றால் அடுத்த வருட பதிப்பு வருவதற்குள் விற்றுவிட வேண்டும். பிறகு யாரும் தொட மாட்டார்கள். "அண்ணே, இன்னும் ஒரு எரநூறு சேர்த்துக் குடுங்க" என்று பேரம் பேசும் பதினாறு வயதுப் பையனுக்கு அது அவனுடைய முதல் சொத்து. நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், தம்பிக்கு விட்டுப் போகலாம். ஸ்டீம் கணக்கையோ விற்கவும் கூடாது, வேறொருவருக்கு மாற்றவும் கூடாது என்பது அதன் ஒப்பந்தம். வாங்கிய ஆட்டத்தை மறுவிற்பனை செய்யும் உரிமை உண்டு என்று பாரிஸ் நீதிமன்றம் ஒன்று 2019-இல் வால்வுக்கு எதிராகச் சொன்னது. 2022-இல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது.

இணைய வசதியும் எல்லா வீட்டிலும் ஒன்றல்ல. 100 ஜிபி ஆட்டத்தை 30 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் இறக்க ஏழரை மணி நேரம் போதும். தினம் 1.5 ஜிபி மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் அதே ஆட்டம் இறங்க 67 நாள். அந்த வீட்டுக்கு டிஸ்க் ஆடம்பரப் பொருளல்ல.

அதற்காக டிஸ்க் வாங்கினால் கவலையில்லை என்று நம்பிவிடவும் கூடாது. யுபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கார் பந்தய ஆட்டம் 'தி க்ரூ'. 2024 மார்ச் 31-இல் அதன் சர்வர்களை நிறுவனம் மூடியது. தனியாக ஆடும் பகுதிக்கும் சர்வர் வேண்டும் என்று அமைத்திருந்ததால், டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் ஆட்டம் அத்தோடு சரி. டிஜிட்டலில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமமே நீக்கப்பட்டது. 2022-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பி. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்குச் சில ஆட்டங்கள் 'கேம்-கீ கார்டு' என்ற பெயரில் வருகின்றன. கார்டு உண்டு, அதற்குள் ஆட்டம் இல்லை. இறக்கிக்கொள்ள அனுமதி மட்டும் உண்டு. இவை வீட்டைக் கொடுக்காமல் சாவியை மட்டும் விற்பது போன்றவை.

கடைகளே மூடும் ஆபத்து டிஜிட்டல் பக்கம். நின்டெண்டோவின் வீ யு, 3டிஎஸ் கன்சோல்களுக்கான ஆன்லைன் கடைகள் 2023 மார்ச் 27-இல் விற்பனையை நிறுத்தின. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29-இல். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கிட்டது. ஒரு கலையின் பெரும்பகுதி இப்படிக் காணாமல் போவது வருத்தமான செய்தி.

நம் ஊர் ஈரப்பதத்தில் டிஸ்க்குக்கும் ஆயுள் பயம் உண்டு. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் சிடியின் உலோகப் படலத்தையே பூஞ்சை தின்றது 2001-இல் பதிவாகியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டை, பட்டரவாக்கம், கொரட்டூர் பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. தரைத்தளத்து அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பெட்டியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாகத்தான் நனையும். கணக்கில் இருந்த டிஜிட்டல் ஆட்டம் மட்டும், கரண்டும் நெட்டும் திரும்பியதும் மறுபடி இறங்கும். அந்த நன்மையை மறுக்க முடியாது.

இன்னொரு நன்மையும் உண்டு. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து டொரன்டோவின் விசை கேம்ஸ் செய்த 'வெண்பா' 2023 ஜூலை 31-இல் வந்து, அடுத்த வருடம் பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருதைப் பெற்றது. இட்லியும் புட்டும் அவிக்கும் ஒரு சிறிய ஆட்டத்தை டிஸ்க் அடித்து, பெட்டி கட்டி, உலகம் முழுக்கக் கடைகளுக்கு அனுப்ப யார் முதல் போடுவார்கள்? டவுன்லோட் இருந்ததால்தான் அது வெளியான அன்றே அம்பத்தூர் வரை எட்டியது.

ஆகவே வாங்குமுன் பார்க்க வேண்டியது, யாரிடமும் அனுமதி கேட்காமல் ஆட்டம் ஓடுமா என்பதைத்தான். டிஸ்க்கை விற்கவும் இரவல் கொடுக்கவும் எண்ணமிருந்தால் டிஸ்க் மாடலே நல்லது. பெட்டியின் பின்புறம் ஆன்லைன் கட்டாயம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று படித்துவிட வேண்டும். கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கு போலந்தின் சிடி புராஜெக்ட் 2008-இல் தொடங்கிய 'ஜிஓஜி' கடை இருக்கிறது. அங்கே வாங்கும் ஆட்டங்களின் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் போட்டுப் பரண் மேல் வைத்துவிடலாம். கடை மூடினாலும் அது ஓடும். ஸ்டீமில் வாங்குகிறவர் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

சட்டமும் கொஞ்சம் நகரத் தொடங்கியிருக்கிறது. விற்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற பொத்தானைப் போடக் கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ள முடிந்த பொருளுக்கு விலக்கு உண்டு. ரூபாயில் விலை போட்டு விற்கும் கடைகளிடம் இதே தெளிவை இந்திய அரசும் கேட்க வேண்டும். 'தி க்ரூ' மூடலுக்குப் பிறகு தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது. எதிர்ப்பு வலுத்த நிலையில், 'தி க்ரூ 2', 'மோட்டர்ஃபெஸ்ட்' இரண்டுக்கும் சர்வர் இல்லாமல் ஆடும் வசதியைத் தருவதாக யுபிசாஃப்ட் 2024 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

(தொடரும்)

அடுத்த வாரம்: மணிக் கணக்கில் வாடகைக்கு விட்ட தெருமுனை கேம் சென்டர்கள்